நானே சுற்றிய சைரன்

ஆபத்து வந்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது, கால்தான் வேலை செய்யும். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு முன் சுவரில் "பணியிடப் பாதுகாப்பு உத்தியோகத்தர்" என்று என் பெயர் போட்ட சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிற விருந்தாளி யாராவது அதை வாசித்துவிட்டு, "ஓ, சேப்டி ஒபிசரா?" என்று மரியாதையாகக் கேட்டால் போதும், குசினிக்குள் இருந்து என் மனைவி சிரிக்கத் தொடங்கிவிடுவாள். அவள் சிரிக்கிற கதை எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும். கலியாண வீடு, பிறந்தநாள், ஏன், செத்த வீட்டு எட்டாம் நாள் செலவில்கூட நேரம் போகாவிட்டால் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். நானும் கூடவே சிரிப்பேன். ஆனால் எல்லாரும் அந்தக் கதையை ஓர் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் கொஞ்சம் இருக்கிறது.

சண்டை முடிந்த அடுத்த வருசம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானம் எடுத்து இரண்டு தரம் பெயில். (மூன்றாம் தரம் எடுக்கப் போனபோது, "விடைத்தாள் திருத்துற ஆக்களும் பாவம் தானே மனே" என்று அம்மா தடுத்துவிட்டார்.) நாவற்குடாவில் இருந்து தினமும் பஸ் ஏறி, களுவாஞ்சிக்குடிக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கடற்கரையோரம் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தேன். எங்கள் பக்கத்து நிலம் ஒரு நாடா போல ஒடுங்கியது. கிழக்கே கடல், மேற்கே நாங்கள் ஆறு என்று சொல்கிற வாவி, நடுவில் பெரிய றோட்டு. தொழிற்சாலை றோட்டுக்கும் கடலுக்கும் இடையில் இருந்தது. தைக்கிற பெண்கள் நாற்பத்தொரு பேர், தேத்தண்ணி ஊற்றுகிற பூமணி அக்கா ஒருவர், ஆக நாற்பத்திரண்டு. காலையில் வாசலில் நின்று அவர்களை எண்ணிக் கொப்பியில் பதிவதுதான் என் உத்தியோகம். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஆள் எண்ணுவது என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முகாமையாளர் லெஸ்லி சேர் மட்டக்களப்பு டவுனைச் சேர்ந்த பறங்கியர். தையல் மெசின் திருத்துகிறவராகத் தொடங்கி முகாமையாளரானவர். அதனால் சட்டைப் பையில் பேனைக்குப் பதிலாக ஸ்குரூ டிறைவர் வைத்திருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"சுதன் மனே, வெளிநாட்டு ஓடர் ஒண்டு வாற மாதிரி இரிக்கி. கிடைச்சா ரெண்டு வருசத்துக்கு இந்தப் புள்ளைகளுக்கு வேலை. கிடைக்காட்டி தை மாசத்தோட கதவ இழுத்து மூட வேண்டியதுதான்."

"நல்லது சேர்" என்றேன். (எது நல்லது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

"அவனுகள் ஒண்டு கேக்கிறானுகள். சோதினை பாஸ் பண்ணின சேப்டி ஒபிசர் ஒராள் இங்க இரிக்கணுமாம். நான் உண்ட பேரக் குடுத்திட்டன்."

"ஏன் சேர் நான்?"

"மத்த எல்லாரும் வேலை செய்யிற ஆக்கள் மனே."

பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. புத்தகம் தந்தார்கள், நூற்றெண்பது பக்கம். அட்டையில் தமிழ் என்று அச்சடித்திருந்தபடியால்தான் அது தமிழ் என்று தெரிந்தது. இடருக்கும் ஆபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று முதல் அத்தியாயம் பதினொரு பக்கத்தில் விளக்கியது. பதினொரு பக்கமும் வாசித்த பிறகு, முதலில் தெரிந்திருந்ததும் எனக்குத் தெரியாமல் போனது. ஆனாலும் அந்தப் புத்தகம் என்னை ஒரு புது மனிதனாக்கிவிட்டது. சுற்றி இருந்தவர்களுக்குத்தான் அந்தப் புது மனிதனைத் தாங்க முடியவில்லை.

முதலில் வீட்டில் தொடங்கினேன். எங்கள் குசினிக்குள் மட்டும் பதினேழு இடர்களைக் கண்டுபிடித்து எழுதினேன். அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல், கதவுக்குப் பின்னால் அரிவாள், கிணற்றடியில் பாசி என்று போனது பட்டியல். கிணற்றடியில் "வழுக்கும், கவனம்" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். அந்த அட்டையைத் தொங்கவிடும்போதுதான் வழுக்கி விழுந்தேன். இரவில் அம்மா புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

"ஏணி நாலடி உயரம் போனா அடியில எவ்வளவு தள்ளி வைக்கணும்?"

"ஓரடி."

"உங்கப்பா முப்பது வருசம் ஏணியே இல்லாம தென்னை ஏறின. அவர் எத்தின அடி தள்ளி நிண்டிரிக்கணும்?"

"அம்மா, புத்தகத்தில இல்லாத கேள்வி கேக்க வேணாம்."

"இந்த வீட்டில இரிக்கிற பெரிய இடர் நீதான் மனே. நீ வேலைக்குப் போற நேரம் மட்டும்தான் எனக்குப் பாதுகாப்பு" என்று புத்தகத்தை மூடிவிடுவார்.

தொழிற்சாலையிலும் அதே கூத்துத்தான். மஞ்சள் மேலங்கி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன், கழுத்தில் விசில். பின்னலைத் தொங்கவிட்ட பெண்களுக்கு விசில், செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு விசில். அவர்கள் என்னைப் "பஸ் கண்டக்டர்" என்றார்கள். சிரிக்காமல் நான் சொல்வதைக் கேட்ட ஒரே ஆள் பூமணி அக்காதான். நாற்பத்தைந்து வயது இருக்கும். தனி ஆள். அதிகம் பேசமாட்டார். எல்லாருக்கும் முதல் காலையில் வந்துவிடுவதால் என் கொப்பியில் முதல் பெயர் எப்போதும் அவருடையது. "படிக்கிற புள்ளைக்குச் சீனி வேணும்" என்று எனக்கு மட்டும் தேத்தண்ணியில் ஒரு கரண்டி கூடப் போடுவார். ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனாலும் பத்து மணித் தேத்தண்ணி முடிந்ததும் என் புத்தகத்தை வாங்கி எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்து என்னிடம் கேள்வி கேட்பார். நான் சரியாகச் சொன்னால் தான் பாஸானது போலச் சந்தோசப்படுவார்.

அந்த அக்காவைப் பற்றியும் நான் ஒரு குறை எழுதி வைத்திருந்தேன். கட்டடம் முழுக்கக் கூட்டுகிறவர், கடல் பக்க வாசலுக்கு மட்டும் போகமாட்டார். அதைத் தையல் பெண்கள் இரண்டு பேர் மாறி மாறிக் கூட்டிவிடுவார்கள். "கிழக்கு வாசல் துப்புரவு: பூமணி செய்வதில்லை" என்று பதிந்தேன். காரணம் கேட்கவில்லை. காரணம் எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

பரீட்சையில் எழுத்து ஒரு பகுதி, வாய்மொழி ஒரு பகுதி. மூன்றாவது பகுதிதான் என்னைக் கவிழ்த்தது. வேலை செய்யும் இடத்தில் அவசர வெளியேற்ற ஒத்திகை ஒன்றை நடத்தி, எத்தனை பேர் எத்தனை நிமிடத்தில் கூடும் இடத்துக்கு வந்தார்கள் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் எல்லாரும் வந்து, நான் எண்ணி முடித்திருந்தால்தான் புள்ளி.

கூடும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. வெட்டவெளியாக இருக்க வேண்டும். கட்டடம், பெரிய மரம், மின்கம்பி எதுவும் கிட்ட இருக்கக்கூடாது. றோட்டைக் கடந்து போகக்கூடாது. மேற்கே றோட்டு, வடக்கே தென்னந்தோட்டம், தெற்கே டீசல் பீப்பாக்கள். கிழக்கே, கடல் பக்கம், பார்த்தால் அளந்து செய்தது போல ஒரு வெளி. கட்டடம் இல்லை, மரம் இல்லை, கம்பி இல்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. "கூடும் இடம்" என்று பச்சைப் பலகை ஒன்று எழுதி, அலவாங்கு எடுத்துக் குழி தோண்டினேன். ஓர் அடி போனதும் அலவாங்கு சீமெந்தில் முட்டியது. மணலுக்குள் ஏது சீமெந்து என்று ஒரு கணமாவது யோசித்திருக்கலாம். நான் இரண்டடி தள்ளி வேறு குழி தோண்டினேன்.

அடுத்தது ஒலி. அன்றாடம் கேட்கிற எந்தச் சத்தத்தையும் போல அது இருக்கக்கூடாதாம், எல்லா மூலைக்கும் கேட்க வேண்டுமாம். தேத்தண்ணி மணி சரிவராது. என் விசிலை யாரும் மதிப்பதில்லை. அப்போதுதான் தொழிற்சாலை இருந்த ஊரின் பாலர் பாடசாலை அலுமாரிக்குள் இருந்த சைரன் ஞாபகம் வந்தது. கையால் சுற்றுகிற இரும்புச் சைரன். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு ஊர் அனர்த்தக் குழுவுக்கு யாரோ கொடுத்தது. இந்தச் சத்தம் கேட்டால் கடல் வருகிறது என்று அர்த்தம், மற்ற எதற்கும் இதைத் தொடக்கூடாது என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் பாலர் பாடசாலை ரீச்சரிடம், "துருப் பிடிச்சிருக்கும் மிஸ், ஒயில் விட்டுத் தாறன்" என்று கேட்டு வாங்கினேன். சைரன் என்றால் சைரன்தானே, நாங்கள் எங்கள் மதிலுக்குள் சுற்றப்போகிறோம் என்பது என் விஞ்ஞான அறிவு. (இரண்டு தரம் பெயில் என்று முன்பே சொல்லிவிட்டேன்.) சொன்னபடி ஒயிலும் விட்டேன்.

ஒத்திகைக்கு முதல் நாள் எல்லாரையும் கூட்டி விளக்கம் சொன்னேன். சைரன் கேட்டால் மெசினை நிற்பாட்ட வேண்டும். பையை எடுக்கக்கூடாது. ஓடக்கூடாது, வரிசையாக நடந்து பச்சைப் பலகைக்கு வர வேண்டும். எந்தச் சைரன், எத்தனை மணிக்கு என்று மட்டும் நான் சொல்லவில்லை. "வெயிலுக்குள்ளயா?" என்று ஒருத்தி கேட்டாள். "கண்டக்டர், ரிக்கெட் தருவீங்களா?" என்று இன்னொருத்தி கேட்டாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எல்லாரும் போன பிறகு, கோப்பை கழுவிக்கொண்டிருந்த பூமணி அக்காவிடம் போனேன்.

"அக்கா, இவளுகள் விளையாடுறாளுகள். நீங்க கட்டாயம் வரணும். கொப்பியில முதல் பேரே உங்கடதான். முதல் ஆளே வராட்டி நான் பெயில்."

அவர் கையில் இருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிக் கழுவினார்.

"அங்கால, கடல் பக்கமா தம்பி நிக்கணும்?"

"ஓம் அக்கா, அந்தப் பச்சைப் பலகையடியில."

"நீ வந்து எண்ணுவாய் தானே?"

"நான்தான் அக்கா முதல் ஆளா அங்க நிப்பன். என்னத்துக்குப் பயம்?"

"அப்ப வாறன்" என்றார்.

மறுநாள் காலை பத்து மணி. மஞ்சள் மேலங்கி, இடது கையில் ஓட்டப்போட்டிக்கு எடுக்கிற மணிக்கூடு, கக்கத்தில் கொப்பி. முன் விறாந்தையில் சைரனை வைத்துச் சுற்றினேன். முதலில் அது முனகியது. அடுத்த சுற்றில் எழுந்தது. நான் விட்ட ஒயிலின் புண்ணியத்தில், அந்தச் சத்தம் மதிலைத் தாண்டி, தென்னந்தோட்டத்தைத் தாண்டி, றோட்டைத் தாண்டிப் போனது. உள்ளே நாற்பத்தொரு மெசினும் ஒரே நேரத்தில் நின்றன. அற்புதம், நான்கு வினாடி என்று மனதுக்குள் பதிந்துகொண்டேன்.

பிறகு, சண்டைக்குப் பழகிய பாதிப் பேர் மேசைக்குக் கீழே குப்புறப் படுத்தார்கள். கடலுக்குப் பழகிய மற்றப் பாதிப் பேர் எழுந்தார்கள். "எண்ட புள்ள பள்ளில!" என்று ஒரு குரல். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. "கடல் வருது! கடல் வருது!" என்று உள்ளேயும் கேட்டது, வெளியே ஊருக்குள்ளும் கேட்டது. மேசைக்குக் கீழே கிடந்தவர்களும் எழும்பி மேற்கு வாசலால் பாய்ந்தார்கள். "ஓட வேணாம்! நடவுங்க! வரிசையா!" என்று நான் கத்தினேன். கத்தும்போதும் என் கை சைரனைச் சுற்றிக்கொண்டே இருந்தது. வாய் நடவுங்கள் என்றது, கை ஓடுங்கள் என்றது. அவர்கள் கையைத்தான் நம்பினார்கள்.

ஊர் முழுக்க றோட்டைக் கடந்து ஓடியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள், பாதி முகம் சவரம் செய்து பாதி முகம் சவர்க்காரத்தோடு ஒருவர், ஆட்டை இழுத்துக்கொண்டு ஒருவர். லெஸ்லி சேர் ஒரு தையல் மெசினின் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். சைரன் ஒரு நிமிடத்துக்குள் இவ்வளவையும் செய்து முடித்திருந்தது.

இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். கிழக்கே நடந்து போய்ப் பச்சைப் பலகையடியில் நிற்க வேண்டும். சைரனைச் சுற்றியவன் நான். கடல் வரவில்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான். கிழக்கே திரும்பிப் பார்த்தேன். கடல் எப்போதும் போல இருந்தது. அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அது எப்போதும் போலத்தானே இருந்தது என்று ஒரு நினைப்பு வந்தது. நான் சும்மா சுற்றுகிற அதே நேரத்தில் உண்மையாகவே வந்துவிட்டால்? இந்தக் கேள்விக்குப் புத்தி பதில் யோசிக்கும் முன்பே கால் ஓடத் தொடங்கிவிட்டது.

ஓடினேன் என்றால் சாதாரண ஓட்டமில்லை. கொப்பி எங்கே விழுந்தது என்று தெரியாது. தையல் பெண்களை முந்தினேன், ஆட்டை முந்தினேன், மெசின் தலையோடு போன லெஸ்லி சேரையும் முந்தினேன். ஆற்றங்கரைக்கு முதல் வந்து சேர்ந்த ஆள் நான். கரையில் ஒரு மீன்பிடிக்காரர் தோணியில் இருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார். நான் அந்த வலைக்கு மேலேயே பாய்ந்து ஏறி உட்கார்ந்தேன்.

"என்னடாப்பா, என்ன நடந்த?"

"கடல் வருது அண்ணன்! தோணியத் தள்ளுங்க!"

"ஆர் சொன்ன?"

"சைரன் அடிச்ச!"

"ஆர் அடிச்ச?"

நான் மூச்சு வாங்கினேன். பின்னால் ஊர் முழுக்க வந்து நின்றுகொண்டிருந்தது.

"நான்தான்."

அவர் என் மஞ்சள் மேலங்கியைப் பார்த்தார். என் கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு அமைதியாகக் கேட்டார்: "அப்ப உனக்கு ஆர் சொன்ன?"

கதை இந்த இடத்தில்தான் முடியும். எல்லாரும் இங்கேதான் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அன்று அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தி என்னை அடிக்க வந்தாள், இன்னொருத்தி தடுத்தாள், பிறகு தடுத்தவளே அடித்தாள். அடி எனக்கு நோகவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் சேற்றிலேயே உட்கார்ந்து, பிள்ளைகளை மடியில் இறுக்கிக்கொண்டு அழுதார்கள். அதுதான் நொந்தது. கடல் வரவில்லை என்று தெரிந்த பிறகும் அந்த அழுகை நிற்கவில்லை. ஆறு வருசத்துக்கு முந்தின அழுகையும் அதற்குள் இருந்தது. ஒரு புள்ளிக்காக அதை நான் கிளறிவிட்டிருந்தேன். தோணிக்குள் இருந்து இறங்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

லெஸ்லி சேர் மெசின் தலையைக் கீழே வைத்தார். "உண்ட வேலை எண்ணுறதுதானே. எண்ணு" என்றார். அவர் என்னை மனே என்று சொல்லாத ஒரே நாள் அது.

எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுபடியும் எண்ணினேன். நாற்பத்தொன்று. யார் இல்லை என்று கொப்பி இல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் பெயர்.

திரும்ப ஓடினேன். நாங்கள் ஓடிப்போய் முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. பூமணி அக்கா பச்சைப் பலகையடியில் நின்றார். கடலுக்கு முதுகைக் காட்டி, பலகையின் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கிட்டப் போனபோது கேட்டது. "ஓடக்கூடாது. நடக்கணும். வந்து நிக்கணும்." நான் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடத்தைத் தேவாரம் போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா."

கண்ணைத் திறந்தார். "வந்திட்டியா தம்பி. மத்த ஆக்கள் எங்க?"

"எல்லாரும் சுகம் அக்கா. ஆத்தடியில நிக்கிறாங்க."

"கடல் வரல்லத்தானே?"

"இல்லக்கா."

"அந்தச் சத்தம் கேட்ட உடன நெஞ்சு படார் எண்டு போயிட்டு. எல்லாரும் ஓடக்குள்ள எனக்கும் கால் அங்காலதான் இழுத்த. மறுகா நினைச்சன், முதல் ஆள் வராட்டி நீ பெயிலாப் போயிடுவாய் எண்டு. நீ வந்து எண்ணுவன் எண்டு சொன்னாய் தானே. அதான் நிண்டன்."

கக்கத்துக்குள் இருந்து என் கொப்பியை எடுத்து நீட்டினார். நான் முன் விறாந்தையில் போட்டுவிட்டு ஓடியதை அவர் கண்டு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "எண்ணு தம்பி" என்றார். நான் கொப்பியைத் திறந்து முதல் பெயருக்கு நேரே சரி போட்டேன். அந்தச் சரி அடுத்த இரண்டு பெயருக்கும் குறுக்கே போனது.

மிச்சத்தை லெஸ்லி சேர்தான் அன்று பின்னேரம் சொன்னார். அந்த வெளி முந்தி வெளியாக இருக்கவில்லை. அங்கே வீடுகள் இருந்தன, அதில் ஒன்று பூமணி அக்காவுடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஆற்றுப் பக்கம் மீன் வாங்கப் போயிருந்தார், இரண்டு மகள்மாரும் வீட்டில் இருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த மண்ணை மிதித்ததில்லை. மற்றப் பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும், அதனால்தான் கிழக்கு வாசலை அவர்கள் கூட்டினார்கள். கட்டடம் இல்லை, மரம் இல்லை, கம்பி இல்லை என்று துள்ளிய எனக்கு, ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றவில்லை. என் அலவாங்கு முட்டியது யாருடைய வீட்டுச் சீமெந்துத் தரை என்று கேட்க அன்றும் தைரியம் வரவில்லை, இன்றும் இல்லை.

பலகையை மறுநாள் பிடுங்கி, புத்தகம் கூடாது என்ற றோட்டுக்கு அங்கால், மேற்குப் பக்கம் நட்டேன். சைரனைத் திருப்பிக் கொடுக்கப் போய், பாலர் பாடசாலையில் தொடங்கி வீடு வீடாக மன்னிப்புக் கேட்டேன். எல்லா வீட்டிலும் ஏசிவிட்டுத் தேத்தண்ணி தந்தார்கள். எங்கள் வழக்கம் அப்படி.

ஆனால் அறிக்கை கொடுக்க ஒரு கிழமை, ஏழே நாள்தான் இருந்தது. இன்னொரு ஒத்திகை என்று வாய் திறந்தால் ஊரார் என்னை ஆற்றில் போட்டிருப்பார்கள். ஓடர் போனால் நாற்பத்திரண்டு பேருக்கும் வேலை போகும். எழுதினேன்: வந்தவர்கள் நாற்பத்திரண்டு, எடுத்த நேரம் இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி, ஒழுங்கு திருப்தி. சாட்சியாக ஒத்திகையில் முறைப்படி பங்குபற்றிய தொழிலாளி ஒருவர் ஒப்பமிட வேண்டும். அந்தத் தகுதி உள்ளவர் ஒரே ஒரு ஆள்தான். பூமணி அக்கா எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தார். "நாற்பத்திரண்டு" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். ஒப்பம் வைத்துத் தந்துவிட்டு, "பாஸாகிட்டு வா" என்றார்.

பாஸானேன், எழுபத்தாறு புள்ளி. (ஏணிக் கேள்வியும் வந்தது. அந்தப் புள்ளி தன்னுடையது என்று அம்மா இன்றும் சொல்வார்.) வாய்மொழிப் பரீட்சையில் பரீட்சகர் என் அறிக்கையைக் கையில் எடுத்து, "இதுதான் மாதிரி அறிக்கை" என்று மற்றவர்களுக்கு உரத்து வாசித்துக் காட்டினார். அவர்கள் கைதட்டினார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. அதைக் கேட்டுக்கொண்டு நான் என் செருப்பைப் பார்த்தபடி இருந்தேன்.

ஓடர் வந்தது. வேலையும் தப்பியது. எனக்குக் கலியாணமாகி இரண்டு பிள்ளைகள். நான் வீட்டில் யாருக்காவது புத்தி சொல்லத் தொடங்கினால், "அப்ப உங்களுக்கு ஆர் சொன்னப்பா?" என்று என் மகன் கேட்பான். வீடு சிரிக்கும். பூமணி அக்கா பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வருவார். அந்தக் கதையை அவரைப் போல யாரும் சொல்ல முடியாது. தோணிக்காரரின் குரல், என் குரல், ஆட்டின் குரல் எல்லாம் வரும். "அப்ப உனக்கு ஆர் சொன்ன?" என்று முடித்துவிட்டு, பிள்ளைகள் சிரிக்கிற சத்தத்துக்குள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொள்வார். அவரும் அங்கேதான் நிறுத்துவார். பலகையடிக்குப் போகவே மாட்டார்.

ஒருமுறை அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, றோட்டுக் கரையில் நின்று, "அக்கா, அண்டைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

"பஸ் வருது தம்பி" என்றார்.

பஸ் வரவில்லை. இரண்டு பேரும் வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த அறிக்கையின் பிரதி இன்னும் என் பெட்டிக்குள் இருக்கிறது. கடைசியில் "வேறு குறிப்புகள்" என்று ஒரு கட்டம் உண்டு. அதை நான் அன்று வெறுமையாக விட்டிருந்தேன். இதை எழுதி முடித்த கையோடு அதையும் நிரப்பினேன். உரிய இடத்துக்கு வந்தவர் ஒருவர். எண்ண வேண்டியவர் தோணியில் இருந்தார்.